ஆறாம் வகுப்புக்குப் போனால் பசிக்காதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் வழங்கப்படும் காலை உணவு பற்றிச் சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளியான கடிதம் ஒன்றைப் படித்தேன். பிள்ளைக்குக் காலையில் சோறு போடுவது பெற்றவர் கடமை, அதையும் அரசே ஏற்றுக்கொண்டால் குடும்பங்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிடும் என்று அதை எழுதிய அன்பர் கவலைப்பட்டிருந்தார். காலையில் சாப்பிட்டுவிட்டு வருவதால் மாணவர்களின் படிப்பு உயர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்றும் கேட்டிருந்தார். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். விருதுநகர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகளை ஒரு நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியராகக் கழித்து, கடந்த மே மாத இறுதியில் ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த அளவில் அவருக்கு விடை சொல்லவும், அவர் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வியை நானே கேட்கவும் இதை எழுதுகிறேன்.

முதலில் பெற்றவர் கடமை. எங்கள் பகுதியில் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் காலை ஆறரை மணிக்கே ஊர் முக்கில் வந்து நின்றுவிடும். அந்த வேனைப் பிடிக்க வேண்டிய தாய் நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தனக்கும் கணவனுக்கும் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் கிடப்பார்கள். அடுப்படியில் சோறு இல்லாமல் இல்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தானாக எழுந்து, பல் விளக்கி, ஆறிப்போன சோற்றைத் தட்டில் போட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் எட்டு வயதுப் பிள்ளையை அருகில் பார்த்திராதவர்களாகத்தான் இருக்க வேண்டும். சாப்பிடாமல் வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் இல்லாதது அரிசி அன்று, அந்த நேரத்தில் அருகில் உட்கார்ந்து ஊட்டவோ அதட்டவோ ஓர் ஆள்தான் என்பது என் அனுபவம். நாலரை மணிக்கு எழுகிற அந்தத் தாயைப் பொறுப்பில்லாதவள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "சாப்ட்டேன் சார்" என்றுதான் சொல்வார்கள், இல்லை என்று சொல்வது வீட்டைக் காட்டிக்கொடுப்பது என்று ஐந்து வயதிலேயே அவர்களுக்குத் தெரியும். "என்ன சாப்பிட்டாய்?" என்று கேள்வியை மாற்றிய பிறகுதான் உண்மை வெளிவந்தது. வரக்காப்பி, டீயும் ரொட்டியும், வரும் வழியில் பெட்டிக்கடையில் வாங்கிய ஐந்து ரூபாய்ப் பொட்டலம். கிராமத்தின் பழைய வழக்கப்படி நீராகாரமும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு வந்த சிலர்தாம் இருந்தவர்களில் நல்ல நிலை. டீ வேறொரு கெடுதலையும் செய்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. ஏற்கெனவே இரத்தசோகை பரவலாக உள்ள குழந்தைகளுக்கு அதைக் காலை உணவின் இடத்தில் வைப்பது இருமடங்கு நட்டம்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்த பிள்ளைக்கு அடுத்த வேளை, மதியம் பன்னிரண்டே முக்காலுக்குக் கிடைக்கும் சத்துணவுதான் என்றால் இடையில் பதினாறே முக்கால் மணி நேரம் கழிகிறது. குழந்தையின் மூளை, உடல் எடையோடு ஒப்பிடும்போது, பெரியவர்களின் மூளையைவிடக் கூடுதலாகக் குளுக்கோசைச் செலவழிக்கிறது. இரவெல்லாம் அதற்கு ஈடுகொடுக்கும் கல்லீரல் சேமிப்போ சிறு உடலில் சிறிதாகவே இருக்கிறது. வகுப்பறையில் இது எப்படித் தெரியும் என்றால், மயக்கமாகத் தெரிவது குறைவு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு பிள்ளை சரிந்து விழும். அதற்காக என் மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பொடியும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் எப்போதும் கிடக்கும். அன்றாடம் பார்ப்பது வேறு வகை: ஓயாத கொட்டாவி, பலகையில் தலை சாய்ப்பது, பக்கத்துப் பையனோடு காரணமில்லாத சண்டை, முதல் பாடவேளை முடிவதற்குள் வந்துவிடும் வயிற்றுவலி. "வயிறு வலிக்குது சார்" என்று சொல்லும் பிள்ளைக்கு ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதற்குத் தேவைப்பட்டது இட்லி என்று புரிந்துகொள்ளாத ஆண்டுகள் எனக்கும் இருந்தன. கணக்குப் பாடத்தை மூளை தெளிவாக இருக்கும் முதல் பாடவேளையில் வைக்க வேண்டும் என்று நாங்களே கால அட்டவணை போடுவோம். அந்த நேரத்தில் யார் மூளை தெளிவாக இருக்கிறது என்று கேட்டுப் பார்த்ததில்லை.

இனிச் சான்று. இந்த இடத்தில் காலை உணவுத் திட்டத்தை ஆதரிப்பவர்கள் சற்று அடக்கமாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து. 1998இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஜமைக்கா நாட்டின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரு கல்வியாண்டு முழுவதும் பள்ளியில் காலை உணவும், மறு பாதிக்குக் கால் ஆரஞ்சுச் சுளையும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு பெற்றவர்களின் உயரம், எடை, வருகை ஆகிய மூன்றும் சற்றே கூடின. கணக்குப் பாடத்தில் சிறிய வகுப்புப் பிள்ளைகள் முன்னேறினார்கள். வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் அப்படி முன்னேற்றம் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஏழைப் பகுதிகளிலுள்ள 106 தொடக்கப் பள்ளிகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், காலை உணவு கிடைத்த பள்ளிகளின் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் சுமார் இரண்டு மாதப் படிப்பு அளவுக்கு முன்னே இருந்தார்கள். அங்கே உணவு உண்ணாத பிள்ளைகளுக்கும் அதனால் பயன் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதியதற்குக் காரணம், வகுப்பறையே அமைதியாகிவிட்டது. பசித்த பத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பசிக்காத இருபது பிள்ளைகளுக்கும் பாடம் ஏறாது என்பதை ஆசிரியர்களுக்கு யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. மறுபுறம், நியூசிலாந்தில் 14 பள்ளிகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், இலவசக் காலை உணவால் பிள்ளைகளின் பசி குறைந்ததே தவிர, வருகையில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: வீட்டில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளை ஒருநாள் காலையில் சாப்பிடாமல் வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, உடல் நலிந்த, நாள்தோறும் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்குத்தான் இழப்பு மிகுதி. மதிப்பெண் உயர்வு உண்டு என்றாலும் அது சிறிது, மெதுவாகவே வரும். மதிப்பெண்ணை மட்டுமே காட்டி இந்தத் திட்டத்தை நியாயப்படுத்தப் போனால், முதல் தேர்ச்சி அறிக்கை சரியில்லாமல் வரும்போது அதை நிறுத்துவதற்கும் நாமே காரணம் எழுதிக் கொடுத்தவர்களாவோம். நம் மாநிலத்தில் முதற்கட்டமாகத் திட்டம் நடந்த 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருப்பதாக மாநிலத் திட்டக் குழு கண்டறிந்தது. மகிழ்ச்சியான எண்தான். ஆனால் அது கொரோனாக் கால மூடலுக்குப் பிறகு பள்ளிகள் மெல்ல நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்டு என்பதால், கூடுதல் முழுவதையும் உணவின் கணக்கில் எழுத நான் தயங்குவேன். எங்கள் பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தாமதமாக வருவோர் ஏறக்குறைய இல்லாமல் போனார்கள். திங்கட்கிழமைதோறும் காணாமல் போகும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முதல் பாடவேளை வயிற்றுவலி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளில் அடியோடு நின்றது. இதற்குமேல் எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஒன்று முதல் ஐந்து என்று எழுதிவிட்டேன். என் மூன்றாவது கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புறத்தின் உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காலையில் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். இதைச் செய்தவர்களைப் பாராட்டுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் நான்கு கட்டங்களையும் கவனித்துப் பாருங்கள்: திட்டம் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் விரிந்திருக்கிறதே தவிர, மேல்நோக்கி ஒரு வகுப்புகூட ஏறவில்லை. ஏப்ரல் வரை சாப்பிட்ட பிள்ளை, ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்ததும் பசிக்காத பிள்ளையாகிவிடுகிறது.

உண்மையில் அந்த வயதில்தான் பசி கூடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,700 கிலோ கலோரி தேவை. பத்து முதல் பன்னிரண்டு வயதில் அது பெண் பிள்ளைக்கு 2,060, ஆண் பிள்ளைக்கு 2,220 என உயர்கிறது. மதிய உணவுத் திட்டத்தின் விதிமுறையே இதை ஏற்றுக்கொண்டு, தொடக்க வகுப்புகளுக்கு 100 கிராம் தானியம் என்றால் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 150 கிராம் என்று வகுத்திருக்கிறது. நண்பகலில் ஒன்றரைப் பங்கு வேண்டும் என்று அரசே ஒப்புக்கொள்ளும் அதே பிள்ளைக்குக் காலையில் ஒன்றுமே வேண்டாம் என்பது எந்தக் கணக்கு? இதே வயதில்தான் பெண் பிள்ளைகள் பூப்பெய்துகிறார்கள். இரத்தசோகைக்காக வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவர்களுக்குக் கொடுக்கிறோம். மாத்திரையைக் கொடுக்கும் அதே கையால் ஒரு தட்டுப் பொங்கலும் கொடுத்தால் என்ன? நடுநிலைப்பள்ளி இல்லாத சிற்றூர்களில் இன்னொரு துன்பமும் சேர்கிறது: ஆறாம் வகுப்புக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும், பேருந்தைப் பிடிக்க எட்டு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். பள்ளி தூரமாகும் அதே ஆண்டில் சாப்பாடு நிற்கிறது.

எங்கள் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம், ஒரே சமையலறை. ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் வகுப்பிலிருந்த தன் தம்பியைக் காலை எட்டேகால் மணிக்குக் கையைப் பிடித்து அழைத்து வரும். தம்பி உள்ளே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் வரை தாழ்வாரத் தூணில் சாய்ந்துகொண்டு நிற்கும். வீட்டில் பாத்திரம் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வருவது அந்தப் பிள்ளைதான். சாப்பிட்டாயா என்று அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. தம்பி தட்டில் தினமும் கொஞ்சம் மிச்சம் வைப்பதை முதலில் சமையல் செய்யும் அம்மாதான் கவனித்தார். உணவை வீணாக்கக் கூடாது என்று அவனை அதட்டவும் செய்தோம். யாருக்காக வைத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. வராத பிள்ளைகளின் பங்கு மிஞ்சும் நாள்களில், "பெரிய பிள்ளைகளுக்குக் குடுக்கவா சார்?" என்று அந்த அம்மா கேட்பார். எண்ணிக்கையைச் செயலியில் பதிவு செய்யும் திட்டத்தில் அதற்கு இடமில்லை. கொடுங்கள் என்று நான் சொன்னேன். விதி மீறல்தான், ஓய்வு பெற்றுவிட்ட தைரியத்தில் இன்று எழுதுகிறேன்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டும். இப்போது ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய்கறி என்பது அளவு. மதிய உணவைப் போலவே பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொண்டால் 75 கிராம் தானியம், இருபத்திரண்டரை கிராம் பருப்பு. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் மொத்தம் அறுபது பிள்ளைகள் உள்ள ஒரு நடுநிலைப்பள்ளிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக நாலரைக் கிலோ தானியமும் ஒன்றே கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பருப்பும் ஆகும். அடுப்பு ஏற்கெனவே எரிகிறது. சமைக்கும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் ஐந்தரை மணிக்கே வந்துவிடுகிறார்கள். தேவைப்படுவது பெரிய பாத்திரமும், பெரிய பள்ளிகளில் இன்னோர் ஆளும், ஏற்கெனவே உழைக்கிறவர்களுக்கு உழைப்புக்கேற்ற கூலியும். கடைசியாகச் சொன்னதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். வேலையைக் கூட்டிவிட்டுக் கூலியை அப்படியே விட்டால் சுவையும் சுத்தமும் தானாகக் குறையும்.

கொடுப்பது என்ன என்பதிலும் அக்கறை வேண்டும். வெறும் ரவை உப்புமா பதினொரு மணிக்குள் கரைந்துவிடும். பருப்பு கெட்டியாக விழுந்த சாம்பாரோடும் காயோடும் சேர்ந்தால்தான் மதியம் வரை தாங்கும். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும் நாள்களையும் நான் பார்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியங்களில் சமைக்கலாம் என்று இத்திட்டத்தின் அரசாணையிலேயே இடம் உண்டு. கம்பும் குதிரைவாலியும் விளையும் எங்கள் கரிசல் மண்ணில்கூட அது நடைமுறையில் தலைகாட்டுவது அரிது. கம்பை இடித்துச் சமைக்க நேரமாகும் என்பது உண்மைதான். உடைத்த கம்பாகவே வாங்கிக் கொடுத்தால் அந்தத் தடை நீங்கும்.

இவ்வளவு பெரிய விரிவாக்கத்தை ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், அதற்கும் முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் முதலில் சிறு குழந்தைகளுக்கும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும் என்றுதான் இருந்தது. 1984 செப்டம்பரில் அது பத்து முதல் பதினைந்து வயதுள்ள மாணவர்களுக்கு நீட்டிக்கப்பட்டுப் பத்தாம் வகுப்பு வரை சென்றது. அன்றைய வருவாயில், அன்றைய சாலைகளையும் கிடங்குகளையும் வைத்துக்கொண்டு, இந்த ஐந்தாம் வகுப்புக் கோட்டைத் தாண்ட அரசுக்கு இரண்டே கால் ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. காலை உணவுத் திட்டத்துக்கு மூன்று ஆண்டு கடந்துவிட்டது.

என் வேண்டுகோள் சிறியது. முதலில் நடுநிலைப்பள்ளிகளில் மட்டும், அதாவது காலையில் ஏற்கெனவே அடுப்பு எரியும் வளாகங்களில் மட்டும், எட்டாம் வகுப்பு வரை விரிவாக்கட்டும். அதையும் எல்லா ஒன்றியங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. பாதி ஒன்றியங்களில் இந்த ஆண்டும் மீதியில் அடுத்த ஆண்டும் என்று வைத்தால், இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கும். பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு உயரமும் எடையும் குறித்துக்கொள்கிறது. வருகைப் பதிவு அன்றன்றைக்கே ஏறுகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவை மட்டும் ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதும். சான்று எங்கே என்று கேட்ட அன்பருக்கும் அப்போது ஜமைக்காவைக் காட்ட வேண்டியிராது, எங்கள் மாவட்டத்துச் சாத்தூரையும் வெம்பக்கோட்டையையும் காட்டலாம். அந்த எண்கள் எனக்குப் பிடிக்காத விடையைச் சொன்னாலும் அவற்றை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

2026இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. யார் ஆட்சிக்கு வந்தாலும் இதைச் செய்வோம் என்று எல்லாக் கட்சிகளும் எழுதலாம், எழுதட்டும். ஆனால் ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் பெரிய பாத்திரமும் கூடுதல் பருப்பும் சமையலறையில் இருக்க வேண்டுமானால், அதற்கான நிதி ஒதுக்கீடும் ஆணையும் மார்ச்சு மாதத்துக்குள் வந்தாக வேண்டும். இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் ஐந்து மாதச் சாப்பாடுதான் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.
நவம்பர் 2025